"புதுப் பிலிம் வரட்டும், பார்ப்போம்" என்கிறவர்களுக்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபிக்க மாட்டேன்.

போன கிழமை பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை சொன்னேன். இந்த வருடம் சாதாரண தரப் பிள்ளைகளின் வகுப்புப் படத்தை வழமைபோல டிஜிட்டலில் எடுப்போம். அதோடு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கிற பழைய ஸ்டூடியோ கெமராவில், கறுப்பு வெள்ளை ஷீட் பிலிமில், ஒரேயொரு படமும் எடுத்து வைப்போம். இவ்வளவுதான் நான் சொன்னது.

பத்து நிமிடத்தில் பதில்கள் குவிந்தன. ஒருவர், "சேர், அப்படியே டூருக்கும் மாட்டு வண்டியில போவமா?" என்றார். இன்னொருவர், "அரிசி விக்கிற விலையில பிலிமா?" என்றார். மூன்றாவது பதில் கொட்டாஞ்சேனையில் இருந்து வந்தது. அவர் வாழ்க்கை முழுக்க ஸ்டூடியோ நடத்தியவர், நான் மதிக்கிற அண்ணன். "சேர், புதுசா மலிவா ஷீட் பிலிம் வரப்போகுது எண்டு கதைக்கிறாங்கள். வரட்டும், பார்ப்போம்."

மாட்டு வண்டிக்காரரை விடுங்கள். அரிசிக்காரருக்குக் கீழே பதில் இருக்கிறது. நான் மல்லுக்கட்ட விரும்புவது மூன்றாமவரோடுதான். ஏனென்றால் அவருக்கு விஷயம் தெரியும். விஷயம் தெரிந்தவர்கள் "வரட்டும், பார்ப்போம்" என்று உட்கார்ந்திருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நாங்கள் சின்ன வயதில் கண்டது சுருள் பிலிம், 35 மில்லிமீற்றர், ஒரு சுருளில் 36 படம். ஷீட் பிலிம் அப்படியல்ல. தனித்தனித் தாளாக, நான்குக்கு ஐந்து அங்குலம், எட்டுக்குப் பத்து அங்குலம் என்று வரும். ஒரு தாளுக்கு ஒரு படம். இருட்டில் ஹோல்டருக்குள் போட்டு, கெமராவின் பின்னால் செருகி எடுக்க வேண்டும். நான்குக்கு ஐந்து தாளில் படம் விழும் பரப்பு, 35 மில்லிமீற்றர் பிலிமின் ஒரு சட்டத்தைவிடப் பதின்மூன்று மடங்குக்குக் குறையாது. நம் பாடசாலைகளின் அதிபர் அறையில் 1950களின் வகுப்புப் படங்கள் தொங்குகின்றன அல்லவா? பின்வரிசையில் கடைசியாக நிற்கிற பையனின் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணலாம். அது பெரிய நெகட்டிவின் வேலை.

இனி அந்தப் "புதுப் பிலிம்" கதை.

வருடத்துக்கு ஒன்றிரண்டு அறிவிப்பு வருவது உண்மைதான். பிலிம் செத்துவிட்டது என்று எல்லோரும் ஜனாஸாத் தொழுகைக்கு நின்ற பிறகும் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2017இல் இத்தாலியின் பெரானியா பி30 கொண்டுவந்தது. 2018இல் ஃபுஜி கறுப்பு வெள்ளைப் பிலிமை நிறுத்துவதாகச் சொல்லி, ரசிகர்கள் போட்ட சத்தத்தில் 2019இல் அக்ரொஸ் 2 என்று திரும்ப வந்தது. நம்மாட்களும் ஒவ்வொரு அறிவிப்புக்கும் கைதட்டினார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே சுருள். பழைய அக்ரொஸ் தாளாகவும் வந்தது. புது அக்ரொஸ் தாளில் வரவில்லை. பிரான்சின் பெர்கர் நிறுவனம் பங்க்ரோ 400ஐத் தாளிலும் கொண்டுவந்தது, அது ஒரு விதிவிலக்கு.

ஏன் இப்படி? சுருளில் வருகிற பிலிமையே தாளாக வெட்டித் தந்தால் என்ன என்று என் வகுப்புப் பிள்ளை ஒருவன்கூடக் கேட்டான். முடியாது. 35 மில்லிமீற்றர் பிலிமின் அடித்தளம் அனேகமாக அசிட்டேட், தடிப்பு 0.125 மில்லிமீற்றர் அளவில். தாள் பிலிமோ ஹோல்டருக்குள் வளையாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். ஆகவே அதன் அடித்தளம் 0.18 மில்லிமீற்றர் அளவில் தடித்த பொலியெஸ்டர். வேறு அடித்தளம் என்றால் பூச்சும் வேறாகப் பூச வேண்டும், இயந்திரத்தையும் வேறாக ஓட்ட வேண்டும். அந்த இயந்திரம் நம் வீட்டு அச்சுப்பொறி மாதிரிப் பத்துத் தாள் போதும் என்றால் நிற்காது. ஒரு மீற்றருக்கு மேல் அகலமான பெரும் சுருளாகத்தான் பூசும். ஒரு கணக்குக்கு, ஒரு மீற்றர் அகலம், ஆயிரம் மீற்றர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து நான்குக்கு ஐந்து தாள் எழுபத்தையாயிரத்துக்கு மேல் வெட்டலாம். ஒரே ஓட்டத்தில்! காலாவதித் திகதிக்கு முன் அத்தனையையும் விற்றாக வேண்டும்.

யாருக்கு? "வரட்டும், பார்ப்போம்" என்று சொல்கிறவர்களுக்கா?

நான் சொல்ல வருவது இதுதான். புதுப் பிலிம் என்பது எங்கோ ஒருவன் செய்து முடித்துக் கப்பலில் ஏற்றிவிட்ட சாமான் அல்ல, நாம் துறைமுகத்தில் காத்திருப்பதற்கு. இருக்கிற பிலிமை எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் எந்தத் தொழிற்சாலையும் அடுத்ததை யோசிக்கும். இருப்பதை வாங்காமல் வராததற்குக் காத்திருப்பவன், வரவிடாமல் செய்கிறவன்.

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே, தமிழ் மண்ணிலேயே ஒரு உதாரணம் உண்டு. எத்தனை பேருக்குத் தெரியுமோ தெரியாது.

நீலகிரி என்றால் நம்மவர்களுக்கு உடனே நினைவு வருவது மலையக உறவுகள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறியவர்களில் பெருந்தொகையானவர்கள் போய்ச் சேர்ந்த இடம் அது. அதே நீலகிரியில், ஊட்டியில், இந்திய அரசு 1960இல் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்று ஒரு கம்பனியைத் தொடங்கியது. பிரான்சின் போஷே கம்பனியின் தொழில்நுட்பம். குளிர், தூசியில்லாத காற்று, நல்ல தண்ணீர், இந்த மூன்றுக்காகத்தான் மலை உச்சி. 1967இல் உற்பத்தி தொடங்கியது. பெயர் "இந்து". மதத்தின் பெயர் அல்ல, சந்திரன் என்று பொருள். கறுப்பு வெள்ளைப் பிலிம், போட்டோத் தாள், சினிமாப் பிலிம், எக்ஸ்-ரே பிலிம் எல்லாம் செய்தார்கள். எக்ஸ்-ரே பிலிம் என்பதும் ஒரு ஷீட் பிலிம்தான், கவனியுங்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதில் சோறு தின்றன.

பிறகு என்ன நடந்தது? யாரைக் கேட்டாலும் "டிஜிட்டல் வந்து கொன்றுவிட்டது" என்பார்கள். இதைச் சொல்கிறவர்களிடம் வருடத்தைக் கேளுங்கள். அந்தக் கம்பனி நலிவுற்ற நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது 1996இல். அப்போது உங்கள் கையில் டிஜிட்டல் கெமரா இருந்ததா? கெமரா வைத்த போன் இருந்ததா? வெள்ளவத்தை ஸ்டூடியோக்களில் வெள்ளிக்கிழமை பின்னேரம் கலியாண அல்பத்துக்கு வரிசை நின்ற காலம் அது. உலகத்தில் பிலிம் அமோகமாக விற்ற காலத்தில் ஊட்டி படுத்துவிட்டது. பொலியெஸ்டர் எக்ஸ்-ரே பிலிமுக்கு என்று பெருங்கடன் வாங்கிப் புதுத் தொழிற்சாலை போட்டார்கள். அது தாமதமாகி முடிகிற நேரத்தில் 1991க்குப் பிந்திய திறந்த பொருளாதாரம் வந்து, இறக்குமதித் தீர்வை இறங்கி, வெளிநாட்டுப் பிலிம் மலிவாக உள்ளே நுழைந்துவிட்டது. கடன் வட்டி குட்டி போட்டது. எஞ்சிய ஊழியர்களை விருப்ப ஓய்வில் அனுப்ப மத்திய அமைச்சரவை 2014இல் காசு ஒதுக்கியது. அத்தோடு சரி.

இதோடு இங்கிலாந்தின் இல்போர்டை ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் 2004இல் விழுந்தது. ஆனால் அங்கே வேலை செய்த ஆறு முகாமையாளர்கள் சேர்ந்து 2005இல் கறுப்பு வெள்ளைப் பகுதியை வாங்கி, ஹார்மன் என்று நடத்தத் தொடங்கினார்கள். இன்றும் எப்பி4, எச்பி5, டெல்டா 100 தாளில் கிடைப்பது அதனால்தான். வருடத்தில் ஒருமுறை, வழக்கத்தில் இல்லாத அளவுத் தாள்களுக்கும் உலகம் முழுவதிலிருந்தும் ஓடர் சேர்த்து வெட்டித் தருகிறார்கள். செக் நாட்டில் போமா 1921இலிருந்து இருக்கிறது. அதன் தாள் மற்றவற்றைவிட மலிவு. கோடக் 2012இல் வங்குரோத்துக்குப் போய் வந்த பிறகும் டிரை-எக்ஸ் 320, டி-மெக்ஸ் தாள்கள் வருகின்றன, விலைதான் தலை சுற்றும். மறுபக்கம், எப்கே தாள்களைச் செய்த குரோஷியாத் தொழிற்சாலை 2012இல் நின்றுவிட்டது. நின்ற பிறகு எத்தனை புலம்பல்! புலம்பியவர்களில் எத்தனை பேர் அது ஓடிய காலத்தில் ஒரு பெட்டியாவது வாங்கினார்கள்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. காலாவதியான பெட்டிகளைத் தேடித் தேடி மலிவுக்கு வாங்கி, குளிர்சாதனப் பெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் அடுக்கி வைப்பவர்கள். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது மீனும் போச்சு, பிலிமும் போச்சு. அது போகட்டும். பழைய பெட்டிக்குக் கொடுக்கிற காசில் ஒரு சதமும் எந்தத் தொழிற்சாலைக்கும் போகாது. அதை வாங்கிக்கொண்டு புதுப் பிலிமுக்கு துஆக் கேட்பது, பரீட்சைக்குப் படிக்காமல் பெறுபேற்றுக்கு துஆக் கேட்பது மாதிரி. முப்பது வருடமாக அந்த துஆக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"எக்ஸ்-ரே பிலிமை வெட்டிப் பாவிக்கலாமே" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பாவிக்கலாம். மலிவு. சிவப்பு வெளிச்சத்திலேயே கழுவலாம் என்பதால் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்க அருமையானது. ஆனால் அனேகமானவற்றில் இரண்டு பக்கமும் பூச்சு, நகம் பட்டாலே கீறும். சிவப்பு நிறம் அதற்குத் தெரியாது, ஆகவே உதடும் முகப்பருவும் கறுத்துப்போகும். பத்தாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளை அப்படிப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டு நான் பாடசாலைக்குப் போக முடியுமா? பயிற்சிக்கு நல்லது. ஆனால் வைத்தியசாலைகள் டிஜிட்டலுக்கு மாற மாற இதுவும் சுருங்கிக்கொண்டுதான் போகும்.

உள்பெட்டியில் ஒரு தம்பி கேட்டார், "சேர், பிலிமில் ஜெலட்டின் இருக்காமே, அது ஹலாலா?" நல்ல கேள்வி, பகிடி பண்ண மாட்டேன். இருக்கிறது. வெள்ளி நைத்திரேற்றும் பொற்றாசியம் புரோமைட்டும் சேர்ந்து உண்டாகிற வெள்ளி புரோமைட்டை ஜெலட்டினில் தொங்கவிட்டுத்தான் பூசுகிறார்கள். பெரும்பாலும் மாட்டெலும்பில் இருந்து எடுப்பது. 1920களில் கோடக்கின் ஷெப்பர்ட் என்ற விஞ்ஞானி, சில ஜெலட்டின் மட்டும் ஏன் ஒளியை நன்றாகப் பிடிக்கிறது என்று துருவிக் கண்டுபிடித்தது, அந்த மாடுகள் தின்ற கடுகுச் செடியின் கந்தகச் சேர்வைகளை. மார்க்கத் தீர்ப்பு ஹஸரத்மாரிடம் கேளுங்கள். என்னளவில், வகுப்புப் படத்தை யாரும் சாப்பிடப் போவதில்லை.

இப்போது அரிசிக்காரருக்கு வருகிறேன்.

இல்போர்ட் தாள் ஒன்று இரண்டு மூன்று டொலர். தபால், சுங்கம் எல்லாம் சேர்த்து ஒரு தாள் ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். கண் மூடினவர்களுக்காக ஒன்று கூட எடுத்தால் வகுப்புக்கு இரண்டாயிரம் ரூபாய். பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம அதிதியின் முகத்தைப் போட்டு ஒரு பெனர் அடிக்கிறோமே, அதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? அடுத்த நாள் அந்தப் பெனர் எங்கே போனது? காலி வீதிக் கடை ஒன்றின் கூரைக்கு. அதற்கு அரிசி விலை யாருக்கும் நினைவு வரவில்லை.

"இது பணக்காரன் விளையாட்டு" என்பதில் பாதி உண்மை உண்டு. அதனால்தான் தனி ஆளாக வாங்காமல் பாடசாலையாக, சங்கமாக வாங்கச் சொல்கிறேன். ஒரு காலத்தில் வெள்ளைக்காரச் சீமாட்டி ஜூலியா மார்கரெட் கெமரன் 1875இல் இங்கு வந்து, கண்ணாடித் தட்டுகளில் நம் நாட்டுத் தொழிலாளிகளைப் படம் எடுத்தார். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே ஸ்டூடியோவின் போஸ்ட் கார்டுகள் உலகம் சுற்றின. அந்தப் படங்களில் இருக்கிற நம்மவர்கள் யாருக்கும் பெயர் இல்லை, கவனித்தீர்களா? யாரோ எடுத்தார்கள், யாரோ விற்றார்கள். பிறகுதான் ஜம்பட்டா வீதியிலும் காலி வீதியிலும் நம்மவர்களே ஸ்டூடியோ போட்டு, நம் கலியாணத்தையும் நம் பிள்ளைகளையும் பெரிய நெகட்டிவில் எடுத்து, பின்பக்கம் இலக்கம் போட்டு அடுக்கினார்கள். பணக்காரன் விளையாட்டு ஏழை வீட்டுக்கு வந்தது அப்போதுதான்.

அந்த இலக்கம் எவ்வளவு பெறுமதி என்று உங்களில் சிலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளுக்குள் அல்பங்களும் எரிந்தன. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கு முழுவதும் சேர்த்தால் 70,000க்கு மேல். அல்பத்தை எடுக்க யாருக்கு மனம் வந்தது, யாரை எடுக்க விட்டார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா, கொழும்பில் நடந்த தன் கலியாணப் படத்தை 1990க்குப் பிறகு திரும்பப் பெற்றது ஒரு ஸ்டூடியோவின் நெகட்டிவ் பெட்டியிலிருந்துதான். அவருடைய வாப்பாவின் முகம் உலகத்தில் இருக்கிற ஒரே இடம் அந்தப் படம். அந்த ஸ்டூடியோ இன்று இல்லை. பெட்டிகள் எங்கே என்று கேட்டேன். கடையைக் காலி பண்ணும்போது குப்பை லொறியில் ஏற்றிவிட்டார்களாம்.

பிலிம் அழியாது என்று நான் சொல்லவில்லை. நெருப்பில் எரியும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். பழைய அசிட்டேட் நெகட்டிவ்கள் வினாகிரி மணம் அடித்துச் சுருங்கும். பெரிய கலைஞர் லயனல் வென்ட் 1944இல் இறந்தபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. அச்சிட்ட படங்கள்தான் மிஞ்சின. ஆனால் இன்று வருகிற தாள்கள் பொலியெஸ்டர், வினாகிரி நோய் அதற்கு இல்லை. ஒழுங்காகக் கழுவி, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் போட்டால் பேரன் காலத்துக்கும் கிடக்கும். முக்கியமாக, அதைப் பார்க்க ஒரு இயந்திரமும் வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் போதும். எங்கள் பாடசாலை அலுமாரியில் 2000களின் வகுப்புப் படங்கள் சீடீக்களில் இருக்கின்றன. போன வருடம் ஏழு சீடீயைப் போட்டுப் பார்த்தோம், இரண்டு திறந்தது. பிறகு அவற்றைப் போட்ட கணினியும் படுத்துவிட்டது. அதற்கு மேலே சுவரில் 1958 வகுப்புப் படம், ஒரு முகம்கூட மங்கவில்லை.

விஞ்ஞான ஆசிரியனாக ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். வெள்ளி உப்பு ஒளியில் கறுப்பதைப் புத்தகத்தில் வாசித்து, சமன்பாடு எழுதி, புள்ளி வாங்கி, மறந்துபோகிறார்கள் பிள்ளைகள். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன நாட்டில் ஆய்வுகூடப் பொருள் கேட்பது அதிகம்தான். ஆனால் இரண்டு தட்டு, கொஞ்சம் டெவலப்பர், கொஞ்சம் சோடியம் தயோசல்பேற்று, கதவு இடுக்கில் கறுப்புத் துணி, இவ்வளவும் போதும். தன் வகுப்பின் முகங்கள் தண்ணீருக்குள் எழும்பி வருவதை ஒரு தடவை பார்த்த பிள்ளைக்கு அந்தச் சமன்பாடு மறக்காது.

கொட்டாஞ்சேனை அண்ணனுக்கு நேராக: உங்களிடம் அந்தக் கெமரா இருக்கிறது, லென்ஸ் இருக்கிறது, கை இருக்கிறது. புதுப் பிலிம் வந்தால் முதல் ஆளாக நானும் கைதட்டுவேன். இன்ஷா அல்லாஹ் வரட்டும். ஆனால் அது வருகிறபோது உங்கள் கெமராவின் தோல் பை ஓட்டையாகி, ஹோல்டர்கள் பழைய இரும்புக்குப் போய், அதை ஓட்டத் தெரிந்தவர் ஒருவரும் இந்த ஊரில் இல்லை என்றால், யாருக்காக அண்ணன் அது வரவேண்டும்?

ஆகவே செய்யப்போவதைச் சொல்கிறேன். எப்பி4, நான்குக்கு ஐந்து, 25 தாள் பெட்டி ஒன்றுக்கு ஓடர் கொடுக்கிறோம். என் பங்கு ஐந்து தாள். இன்னும் நான்கு பாடசாலையோ, பள்ளி நிர்வாகமோ, கோயில் சபையோ, குடும்பமோ ஐந்தைந்து எடுத்தால் பெட்டி முடிந்தது. எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் பெயர்ப்பட்டியல், வரிசைப்படி, பென்சிலால், நெகட்டிவ் உறையில் எழுத வேண்டும். இது நிபந்தனை. வெளிநாட்டில் இருந்து லீவில் வருகிற பழைய மாணவர்கள் சொக்லட்டுக்குப் பதிலாக ஒரு பெட்டி போமா கொண்டுவந்தால் இன்னும் நல்லது, விமான நிலையத்தில் எக்ஸ்-ரே இயந்திரத்துக்குள் போடாமல் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்குக்கு ஐந்து ஹோல்டர் யாரிடமாவது கிடந்தால், ஓட்டையோ உடைசலோ பரவாயில்லை, உள்பெட்டிக்கு வாருங்கள். விற்கத் தேவையில்லை. மூன்றாம் தவணை முடியும்வரை இரவல் தந்தால் போதும்.